சுவரில் இரண்டு, வீட்டில் மூன்று

அந்த ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. போஸ்டர் அப்பா என்றால் பால்காரரிலிருந்து பல் டாக்டர் வரை எல்லாருக்கும் தெரியும். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிச் சுவர், பஸ் நிறுத்தம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூட மதில் என்று திரும்பிய இடமெல்லாம் அவர்தான் நின்றார். வெள்ளைச் சட்டை, அளவாகக் கத்தரித்த மீசை. பக்கத்தில் நாற்காலியில் ஒரு மனைவி, பந்தும் கையுமாக ஒரு பையன், முன்னால் ஒரு சிறுமி. அந்தச் சிறுமியின் தோளில் அவருடைய வலது கை. பின்னால் யாரோ துணியில் வரைந்த சூரியன். கீழே கொட்டை எழுத்தில், 'இரண்டே போதும், இன்பம் சேரும்.'

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் படம் எடுத்தபோது அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. குடும்ப நலத் துறையில் ஒலிபெருக்கி கட்டிய நீல வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். படத்துக்கென்று வரவழைத்த நடிகருக்குக் காய்ச்சல். அதிகாரி வராந்தாவில் நின்று இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம், "ஆளு பாக்க நல்லாத்தானே இருக்கே. மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றார். மனைவியாக உட்கார்ந்தது டைப்பிஸ்ட் அக்கா. பிள்ளைகள் இரண்டும் அதிகாரியின் சொந்தப் பிள்ளைகள். பந்துகூட இரவல்தான்.

போட்டோ எடுக்க வந்தவர், "பாப்பா தோள்ல கைய வைங்க, அப்பா மாதிரி" என்றார். அப்பா மாதிரி என்றால் எப்படி என்று இவருக்கு என்ன தெரியும்? இவருடைய அப்பா இவரைத் தொட்டதெல்லாம் அடிப்பதற்குத்தான். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பவர்போல மெல்லக் கொண்டுபோய் வைத்தார். அந்தத் தயக்கம் படத்தில் கனிவாக விழுந்துவிட்டது.

அதுவரை அந்த ஊரில் அப்பா என்பவர் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து, ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு, படுக்கப் போகிற ஒரு ஆள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் தெருவில் நடந்தால், "ஏன், வீட்டுக்காரி ஊர்ல இல்லையா?" என்று விசாரிப்பார்கள். போஸ்டர் வந்த பிறகு பெண்கள் தங்கள் புருஷன்மார்களிடம், "அந்த மனுஷன் கைய எங்க வச்சிருக்கார் பாத்தீங்களா" என்று குத்திக்காட்ட ஆரம்பித்தார்கள். மெல்ல மெல்ல, கூச்சத்தோடு, அப்பாக்களின் கைகள் பிள்ளைகளின் தோளில் ஏறின. அரசாங்கம் சொன்னது பிள்ளைகளைக் குறைக்கச் சொல்லி. ஊர் எடுத்துக்கொண்டது அந்தக் கையை.

இவருக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தபோது பெண் வீட்டார், "ஏற்கெனவே ரெண்டு பிள்ளை இருக்கே" என்று கதவைச் சாத்தப் பார்த்தார்கள். டைப்பிஸ்ட் அக்கா தன் புருஷனையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்ச் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. கல்யாணம் ஆனது. முதலில் பையன், அடுத்து பெண். போஸ்டரைப் பார்த்துப் பெற்றதுபோல இருக்கிறது என்று ஆபீஸே சிரித்தது. துறையின் குடியிருப்பில் வீடு கிடைத்தது. வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர் மதிலில் அவரே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் பல் தேய்த்தபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு பேரில் யார் யாரைப் பார்த்து நடக்கிறார் என்று சில நாள் அவருக்கே குழப்பமாக இருக்கும்.

பிறகு, யாரும் கேட்காமல், யாரும் திட்டம் போடாமல், மூன்றாவது வந்தது.

அதிகாரி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. தன் டீயில் பாதியை இவருக்கு ஊற்றிக் கொடுத்து, பரிவாகச் சொன்னார்: "வீடு ரெண்டு பிள்ளைக்காரங்களுக்குத்தான்னு விதி. அதக்கூட நான் பாத்துக்குவேன்ப்பா. ஆனா உன் மூஞ்சி ஊர் பூரா ஒட்டியிருக்கு. நீயே மூணு பெத்துட்டு நின்னா, நாங்க எந்த வாயால போய் ஊருக்குச் சொல்றது? வெளிய தெரியாம பாத்துக்க."

பரிவோடு சொல்லப்படுகிற உத்தரவைப்போல மோசமான உத்தரவு உலகத்தில் கிடையாது. எதிர்த்துப் பேச ஒரு பிடி கிடைக்காது. இவர் டீயைக் குடித்துவிட்டு, "சரிங்க சார்" என்று வந்துவிட்டார்.

மனைவி தாய்வீட்டுக்குப் போய்ப் பெற்றுக்கொண்டு, வெகுநாள் கழித்துக் குழந்தையோடு திரும்பினாள். யார் குழந்தை என்று சொல்வது? சமையலறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் யோசித்தார்கள். குழந்தை தரையில் கிடந்து காலை உதைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என் அக்கா பொண்ணுன்னு சொல்லிடலாம். உங்களைச் சித்தப்பான்னு கூப்பிடட்டும். அதுலயாவது ஒரு அப்பா இருக்கு" என்றாள் மனைவி.

"வேண்டாம். சின்னப் பிள்ளை. அவசரத்துல முன்பாதிய முழுங்கிட்டா போச்சு. உன் அண்ணன் பொண்ணுன்னு சொல்லு. மாமான்னு கூப்பிடட்டும். அதுல எந்த வம்பும் இல்ல."

"அப்ப நான் அத்தையா? அந்த வேலையெல்லாம் என்கிட்ட நடக்காது. என்னை அம்மான்னுதான் கூப்பிடுவா. கேக்கறவங்ககிட்ட, பாசமா அப்படிக் கூப்பிடறான்னு சொல்லிக்கறேன்."

அவள் தன் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. இவர் தன் பங்கைக் கேட்டவுடனே கொடுத்துவிட்டார்.

ஏற்பாடு என்னவோ எளிமையானதுதான். வெளியே மாமா, வீட்டுக்குள் அப்பா. ஆனால் குழந்தையின் வாயில் அப்படி உள்ளே வெளியே என்று இரண்டு அறை இருக்கவில்லை. தெருவுக்கென்று சொல்லிக்கொடுத்த வார்த்தை செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் எல்லாரும் சிரித்தார்கள். மடியில் உட்காரவைத்து, "வீட்ல என்னை எப்படிக் கூப்பிடணும்? அப்பான்னு கூப்பிடணும், என்ன?" என்று கொஞ்சுவார். குழந்தை சமத்தாகத் தலையாட்டி, "சரி மாமா" என்று சொல்லும். பிறகு சிரிப்பும் நின்றுவிட்டது. மூத்தது இரண்டும் அவரிடம், "அப்பா, நீ எப்ப வருவ?" என்று ஒட்டிக்கொள்ளும். கடைக்குட்டி மட்டும், "நீங்க சாப்பிட்டீங்களா மாமா?" என்று மரியாதையாகக் கேட்கும்.

குடியிருப்பில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். தெரியாததுபோல இருந்தார்கள். அரசாங்கக் குடியிருப்பு அல்லவா, எல்லார் வீட்டிலும் சொல்லக்கூடாதது ஏதாவது ஒன்று இருந்தது. அதனால் சந்துக்குள் பயமில்லை. சந்து முடிகிற மூலையில் பொத்தான் கடை. அதைத் தாண்டினால் பெரிய ரோடு, ஆபீஸ், ஊர். ஆகவே மூலை வரைக்கும் கடைக்குட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு வரலாம். மூலையில் விட்டுவிட வேண்டும். ஓரிரு தடவைதான் சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகு அவள் விரல்கள் தாமாகவே கழன்றுகொண்டன. "மூலை வந்தாச்சு மாமா" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளி, வேறு யாருடனோ வந்தவள்போல நடப்பாள். பொத்தான் கடைக்காரி ஒருநாள், "யாரு பாப்பா நீ?" என்று கேட்டதற்கு, "மாமா வீட்டுக்கு வந்திருக்கேன்" என்று கண்ணிமைக்காமல் சொன்னாள். கெட்டிக்காரப் பிள்ளை என்று கடைக்காரி ஒரு சிவப்புப் பொத்தானைச் சும்மா கொடுத்தாள்.

மத்தியான வேளைகளில் இவர் வேனை மரத்தடியில் நிறுத்திவிட்டு, இருக்கையைச் சாய்த்துக் கண்ணயர்வார். அப்போதெல்லாம் ஒரே கனவு வரும். அவர் போஸ்டருக்குள் இருப்பார். துணிச் சூரியன் லேசாகக் காற்றில் ஆடும். டைப்பிஸ்ட் அக்கா மடியில் எதையோ டைப் அடித்துக்கொண்டிருப்பார், சத்தமே வராது. அதிகாரியின் பிள்ளைகள் வளராமல், அழாமல், பசிக்காமல் நின்றுகொண்டிருப்பார்கள். படத்தைச் சுற்றி ஓடும் வெள்ளைக் கரையில் கடைக்குட்டி ஒரு காலை உள்ளே வைப்பதும் எடுப்பதுமாக நிற்பாள். வா என்று கூப்பிடக் கையைத் தூக்கப் பார்ப்பார். கை வராது. பசை போட்டு அந்த இரவல் சிறுமியின் தோளோடு ஒட்டியிருக்கும்.

கனவு என்றால் விழித்ததும் போய்விடும். போகாத ஒன்றை அவர் விழித்துக்கொண்டே பார்த்தார். பள்ளி விடுகிற நேரம். வேன் ஆஸ்பத்திரிச் சாலையில் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் யாருடைய குரலோ, இரண்டே போதும், இரண்டே போதும் என்று பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிச் சுவரில் முதுகை ஒட்டி, பள்ளிப் பையைக் காலடியில் வைத்துவிட்டு, கடைக்குட்டி நின்றிருந்தாள். தலைக்குமேல் போஸ்டர். அதிலுள்ள கை தன் தோளுக்கு வரும்படி குதிகாலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கையை அசைக்கவில்லை. மூலை தாண்டிய இடம் அது, விதி அவளுக்குத் தெரியும்.

அவர் வண்டியை நிறுத்தவில்லை. ரோட்டைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. அதற்குப் பதிலாக அவர் செய்தது, அடுத்த தெருவிலும் அதே வேகத்தில் போனதுதான். இதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

காலம் போயிற்று. வெயிலிலும் மழையிலும் போஸ்டர் வெளுத்தது. அதன்மேல் சினிமாப் படம் ஒட்டினார்கள், சோப்பு விளம்பரம் ஒட்டினார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு கையும் ஒரு பாதி மீசையும் மட்டும் மிஞ்சின. அதிகாரி ஓய்வு பெற்றுப் போனார். குடியிருப்பு வீடுகளை இருந்தவர்களுக்கே எழுதிக்கொடுத்துவிட்டார்கள். மகன் பேங்க்குக்குப் போனான், பெரியவள் டீச்சரானாள். கடைக்குட்டி ஊரின் அந்தக் கோடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற வேலை பார்த்தாள். தனியாக வீடு எடுத்துக்கொண்டிருந்தாள். இவருக்குக் கண்ணாடி போட்டுவிட்டதும் அவள்தான். ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றி, "இப்ப தெரியுதா மாமா? இப்ப?" என்று கேட்டாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்து வருஷக் கணக்கானதால், தெரிந்த பிறகும் தெரியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அரசாங்கத்துக்குப் பயம் வந்துவிட்டது. பள்ளிகளில் வகுப்பறைகள் காலியாகக் கிடக்கின்றனவாம். பார்க்குகளில் ஊஞ்சல்கள் காற்றுக்கு மட்டும் ஆடுகின்றனவாம். சுவர்களில் புது அப்பாக்கள் முளைத்தார்கள். மார்பில் துணிப்பை கட்டி அதில் குழந்தையைத் தொங்கவிட்டிருந்தார்கள், தோசை திருப்புகிற அனாயாசத்தோடு பால் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். பிள்ளை பிறந்தால் அப்பாவுக்கு லீவு, குழந்தையைக் குளிப்பாட்ட ஆண்களுக்கு வகுப்பு. மகன் அந்த லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் துணி மடித்தான். இவர் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளைகளைச் சுமந்துகொண்டு போகும் ஆண்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்கள் எந்த மூலையிலும் பிள்ளையை இறக்கிவிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் துறையிலிருந்து ஒரு இளம் பெண் அதிகாரி வீடு தேடி வந்தாள். மகன் பேங்க்கில் யாரிடமோ பேச்சுவாக்கில் சொன்னது அங்கே எட்டியிருக்கிறது.

"சார், போஸ்டர்ல ரெண்டுன்னு சொல்லிட்டு, வீட்ல மூணு வச்சிருந்தீங்களாமே. அந்தக் காலத்துல எவ்வளவு தைரியம் சார் உங்களுக்கு."

"தைரியமா?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "நல்லாக் கேளும்மா. நானும் தெரிஞ்சுக்கணும்."

பெண் அதிகாரி சிரித்து மழுப்பினாள். பழைய போஸ்டர் அப்பாவை அவருடைய மூன்று பிள்ளைகளோடு மறுபடி படம் எடுத்து ஊரெல்லாம் ஒட்ட வேண்டும் என்பது துறையின் ஆசை. 'அன்று சுவரில் இரண்டு, வீட்டில் மூன்று' என்று வாசகம்கூடத் தயார்.

அன்று முழுக்க இவர் தரையில் கால் பாவாமல் இருந்தார். ஜன்னலுக்கு எதிரே வெறும் மதிலைப் பார்த்தபடி உட்கார்ந்து, அதில் கடைக்குட்டியை நிறுத்திப் பார்த்தார். பஸ் நிறுத்தத்தில் அவள், தபால் ஆபீஸில் அவள், ஆஸ்பத்திரிச் சுவரில் அவள், ஒவ்வொரு இடத்திலும் அவள் தோளில் தன் கை. மறைத்தது எந்தச் சுவரோ அந்தச் சுவரே ஊருக்குச் சொல்லட்டும். அதைப் பார்த்த பிறகாவது அவள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வராதா? சாவதற்கு முன் ஒரு தடவை கேட்டால் போதும் என்று அவருக்கு இருந்தது. போனை எடுத்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"எப்ப மாமா?"

"வெள்ளிக்கிழமை காலைல."

"சரி மாமா. வரேன்."

படம் எடுத்தது அதே ஆபீஸில், அதே கூடத்தில். சூரியன் வரைந்த துணிக்குப் பதிலாகப் பச்சைத் துணி. "பின்னால எது வேணும்னாலும் அப்புறம் போட்டுக்கலாம் சார், கடல்கூடப் போடலாம்" என்றான் கேமராக்காரப் பையன். மனைவியை நாற்காலியில் உட்காரவைத்தான். மகனையும் பெரியவளையும் இரண்டு பக்கமும் நிறுத்தினான். கடைக்குட்டியை முன்னால். "பழைய போஸ்டர் மாதிரியே சார். கை தோள்ல."

அவர் கையைக் கொண்டுபோய் வைத்தார். அதே தயக்கம்தான். ஆனால் முன்பு அது தெரியாத பிள்ளையைத் தொடுகிற தயக்கம், இப்போது பெற்ற பிள்ளையைத் தொடுகிற தயக்கம். அவள் தோள் மரம்போல இறுகியிருந்தது.

"இப்ப பிள்ளைங்க எல்லாரும் அப்பான்னு சொல்லுங்க. வாய் நல்லாத் திறக்கும், சிரிச்ச மாதிரி விழும்."

"அப்பா" என்று இரண்டு குரல் கேட்டது.

"அந்த அக்கா சொல்லல. இன்னொரு தடவை."

மறுபடியும் இரண்டு குரல்தான். பெரியவள் கிசுகிசுத்தாள்: "சொல்லேன்டி. ஒரு போட்டோவுக்குத்தானே."

இவர் குனிந்து பார்த்தார். கடைக்குட்டியின் தலையில் நரை ஓடியிருந்தது. உதடுகள் சேர்ந்து சேர்ந்து பிரிந்தன. அவள் முயன்றுகொண்டிருந்தாள். இன்னொரு தடவை கேட்டால் சொல்லிவிடுவாள் என்று அவருக்குப் புரிந்தது. சொல்லச் சொன்னால் சொல்லுகிற பிள்ளைதானே அவள். அன்றைக்கும் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னாள்.

"போதும் தம்பி. நிறுத்துங்க" என்றார்.

பெண் அதிகாரி ஓடி வந்தாள். "என்னாச்சு சார்? உடம்பு முடியலையா?"

"இவளை மாமான்னு கூப்பிட வச்சது இந்த ஆபீஸ்தாம்மா. அப்பான்னு கூப்பிடச் சொல்றதும் இதே ஆபீஸ். நடுவுல நான் ஒருத்தன் இருந்தேன். என் பொண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், வீடு போயிருக்கும். போனாப் போகுதுன்னு சொல்லியிருக்கணும். தைரியமெல்லாம் எதுவும் இல்லம்மா. படம் வேண்டாம்."

அவள் வாசகத்தைப் பற்றி, அனுமதி வாங்கியதைப் பற்றி ஏதேதோ சொன்னாள். மனைவி அதற்குள் எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டுவிட்டாள். மகன் மட்டும் பின்தங்கி எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். பேங்க்கில் வேலை பார்த்துப் பழக்கம்.

வீட்டுக்கு வந்து டீ குடித்தார்கள். கடைக்குட்டி, "கடையத் திறக்கணும், கிளம்பறேன்" என்று எழுந்தாள். அவரும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

சந்தில் வெயில் வெள்ளையாகப் பரவிக் கிடந்தது. கொடியில் யார் வீட்டுப் போர்வையோ மெல்ல ஆடியது. இரண்டு எட்டு நடந்ததும் அவர் அவள் கையைப் பிடித்தார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிச் சுவர்கிட்ட ஒரு நாள் நின்னுட்டிருந்தே. நான் பாத்தேன். வண்டிய நிறுத்தல" என்றார்.

"தெரியும் மாமா. ஊர்ல நீல வேன் நீங்க ஓட்டினது ஒண்ணுதானே." கொஞ்ச தூரம் போன பிறகு, கடையில் யாருக்கோ கண்ணாடி அளவு சொல்கிற குரலில், "அந்தக் கை எனக்கு எட்டவே இல்ல. ரொம்ப உயரத்துல ஒட்டியிருந்தாங்க" என்றாள்.

அவருக்குக் கண் மறைத்தது. அவள் போட்டுக் கொடுத்த கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவும் கை ஒழியவில்லை. ஒன்றில் கைத்தடி, மற்றதில் அவள்.

மூலை வந்தது. அவள் விரல்கள் தாமாகத் தளர்ந்தன.

"மூலை வந்தாச்சு மாமா."

"வரட்டும்" என்றார். விடவில்லை.

பொத்தான் கடைக்காரி கிழவியாகியிருந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "யாரு அண்ணே இது? உங்க மச்சான் பொண்ணுதானே?"

கடைக்குட்டியின் வாய் பழக்கத்தில் திறந்தது. அவர் முந்திக்கொண்டார்.

"என் பொண்ணு. மூணாவது."

"மூணாவதா? போஸ்டர்ல ரெண்டுதானே இருந்திச்சு?"

"அது யாரோட பிள்ளைங்களோ. இது என்னுது."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே."

"ஆமா. சொல்லல" என்றார்.

பெரிய ரோட்டில் அவள் கையைப் பிடித்தபடியே நடந்தார். ஆபீஸ் வாசலைத் தாண்டினார்கள். பஸ் நிறுத்தத்தில் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அங்கே போஸ்டரில் பை கட்டிய ஒரு புது அப்பா பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தார். பஸ் வந்ததும் அவள் கையை உருவிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் அசைந்த பிறகுதான் தலையை வெளியே நீட்டினாள்.

"வெயில்ல நிக்காதே. வீட்டுக்குப் போ" என்றாள்.

அவர் போகவில்லை. பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் அந்த வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தார்.